நாற்பத்தொன்றாவது இடம்

ஒரே உருப்படியை நாற்பத்தொரு பேர் வாசிக்க, அந்த நாற்பத்தொரு பதிவுகளையும் தேடித் தேடி வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மனிதரை ரசிகர் என்று சொல்லலாம். அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அந்த அலமாரியைத் தூசி தட்டுகிறவர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்வார்கள்.

தொழில் என்னவோ கண்ணாடிக் கடை. பின்னறையில் எழுத்துப் பலகைக்கு எதிரே ஆளை உட்கார வைப்பார். மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, இதுவா? ஒண்ணா, ரெண்டா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார். முப்பத்தைந்து வருடம் இதையே கேட்ட வாய்க்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் ஓய்வு எங்கே இருக்கும்? கடையில் வில்லைகளை ஒப்பிட்டார், வீட்டில் பியானோக்காரர்களை ஒப்பிட்டார். முன்பக்கம் கல்லாவில் இருந்து, சட்டங்களின் காலை வளைத்து வாடிக்கையாளர் காதில் பொருத்துவது வீட்டுக்காரம்மாவின் வேலை. இவர் நம்பர் சொல்ல, அவள் மூக்கில் உட்கார வைப்பாள். குடும்பத்திலும் அதே ஏற்பாடுதான்.

இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மொத்தம் அறுபத்திரண்டு உறுப்பினர்கள். அதில் அறுபது பேர் ஆண்கள், மற்ற இருவர் தவறிப்போய் வந்துவிட்டு வெளியேறத் தெரியாமல் இருப்பவர்கள். சங்கத்தின் மாத இதழில் பத்து வருடமாக நம் கண்ணாடிக்காரர் ஒரு பத்தி எழுதினார். பத்திக்குப் பெயர் 'தராசு'. ஒரு உருப்படிக்கு இருக்கும் பதிவுகளை எல்லாம் கேட்டு, எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று வரிசைப்படுத்துவது அதன் வேலை. போகப்போக ஆளுக்கே தராசு என்ற பெயர் நின்றுவிட்டது. அவரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர் உயிரை வைத்திருந்த உருப்படி ஒரு பியானோ உருப்படி. எழுதினவர் செத்து இருநூறு வருடம் ஆகிறது, அதனால் அவரால் யாரையும் மறுத்துப் பேச முடியாது. மூன்று பகுதியில் நடுப்பகுதி மெதுவானது. அந்த நடுப்பகுதியைத்தான் தராசு நாற்பத்தொரு பதிவிலும் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேட்டார். ஒரு நீலநிற நோட்டில் நேரம், வேகம், சுருதி, 'உயிர்' என்று நான்கு கட்டம். உயிருக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வேறு போட்டார்.

நாற்பத்தொன்றில் முப்பத்து நான்கு இசைத்தட்டு, ஏழு சிடி. வரிசை வெளிவந்தபோது முதல் முப்பத்து நான்கு இடமும் இசைத்தட்டுகளுக்கு, கடைசி ஏழு இடமும் சிடிகளுக்கு. இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சங்கத்தில் எல்லோரும் இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நோட்டு வைத்து ஒருவர் நிரூபித்துவிட்டார். முதலிடம் அட்டையில் வழுக்கைத் தலையோடு சிரிக்கும் ஒரு பழைய கலைஞருக்கு. வீட்டில் அவருக்கு மொட்டைத்தலை என்று பெயர். பத்து வருடத்தில் மொட்டைத்தலைமேல் தராசு ஒரு குறை எழுதியதில்லை.

வேலையின் நடுவே இன்னொரு கண்டுபிடிப்பும் நடந்தது. இசைத்தட்டு உறைகளில் அச்சிட்டிருக்கும் நேரம் எதுவும் இவருடைய ஸ்டாப்வாட்சோடு ஒத்துப்போகவில்லை. மொட்டைத்தலையின் நடுப்பகுதி ஒன்பது நிமிடம் இருபது வினாடி என்று உறை சொன்னது. ஓடியதோ ஒன்பது நிமிடம் நாலு வினாடி. முப்பத்து நான்கு உறையிலும் இதே கதை, எல்லாமே கூடுதலாக. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் தன் கடிகாரத்தையோ தன் கருவியையோ சந்தேகப்பட்டிருப்பான். தராசு, உலகத்து இசைத்தட்டு நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பொய்யான நேரத்தை அச்சிடுகின்றன என்று இரண்டு பக்கம் எழுதினார். சிடிகளில் மட்டும் நேரம் சரியாக இருந்ததே என்று ஒரு வாசகர் கேட்டார். சிடியில் அது ஒன்றாவது சரியாக இருக்கட்டும் என்று பதில் போட்டார். சங்கம் அந்த நகைச்சுவையை ஒரு வருடம் சொல்லிச் சிரித்தது.

கடைசியில் நின்ற அந்த ஏழு சிடியில் ஒன்று அவருடைய மகளுடையது. நாற்பத்தொன்றாவது இடம் அதற்குத்தான்.

ஒரே மகள். வீட்டில் பாப்பா. வேறு ஊரில் இசைப் பள்ளி ஒன்றில் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன் அந்த உருப்படியைப் பதிவு செய்து, முதல் பிரதியை அப்பாவுக்கு அனுப்பினாள். அப்பா நேர்மையானவர். சொந்த மகளுக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது அல்லவா? "கை சுத்தம். ஆனால் ஒன்பது நிமிடம் இருபத்தொரு வினாடி. முதலிடத்தை விடப் பதினேழு வினாடி இழுவை. சுருதியும் சோர்ந்து கிடக்கிறது. உயிர்: பத்துக்கு மூன்று" என்று எழுதி, இதழின் ஒரு பிரதியை அவளுக்கே தபாலில் அனுப்பியும் வைத்தார். அவள் போன் செய்து, "படிச்சேம்பா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு வருடமாக அவரோடு பேச்சில்லை. கடை போனை இவர் எடுத்துவிட்டால், "அம்மா இருக்காங்களா?" என்று வாடிக்கையாளர் போல மரியாதையாகக் கேட்பாள். அந்த மரியாதைதான் அவரை அறுத்தது. வெளியே சொல்லமாட்டார். போன் அடித்தால் மட்டும் வில்லையை வைத்துவிட்டு முதல் ஆளாக ஓடுவார்.

இப்போது அந்தப் பத்திகள் எல்லாம் புத்தகமாக வரப்போகின்றன. பிழை பார்க்க வந்த அச்சுப் படிகள் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தன. திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கடைசியாக ஒருமுறை மொட்டைத்தலையைக் கேட்டுவிடலாம் என்று தட்டை வைத்தால், இசைத்தட்டுக் கருவியின் அடியிலிருந்து கீச் கீச் என்று ஒரு சத்தம். தராசுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்காரம்மா தங்கை வீட்டுக்குப் போன் செய்து, தங்கை புருஷனை வரச் சொன்னாள்.

சகலைக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. சங்கீதத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், லிஃப்டுக்குள் ஓடும் பாட்டு நின்றுபோனால் அதையும் அவரே சரிசெய்வதுதான் என்று தராசு சங்கத்தில் சொல்லியிருக்கிறார். அது சகலை காதுக்கும் போயிருந்தது. மனிதர் அதைப் பெரிதுபடுத்தாமல், பையோடு வந்து, செருப்பை வாசலில் விட்டு, தரையில் துணி விரித்து உட்கார்ந்தார். மேலே சுழலும் கனத்த வட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். உள்ளே மோட்டார், மோட்டார் தலையில் சின்னப் புல்லி, அதிலிருந்து வட்டைச் சுற்றிப் போகும் ரப்பர் பெல்ட். மோட்டாருக்கு எண்ணெய் வற்றிப்போயிருந்தது, சத்தம் அதனால்தான். இரண்டு சொட்டு விட்டார். சத்தம் நின்றது. அத்தோடு எழுந்து போயிருந்தால் தமிழ்கூறும் இசையுலகம் தப்பித்திருக்கும். ஆனால் மெக்கானிக் கண் புல்லியிலேயே நின்றது.

"அண்ணே, இதுல டேப்பு சுத்தியிருக்கே. யாரு?"

தராசு கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன், பாப்பா கல்யாணமாகிப் போய், அவளோடு பியானோவும் போன அதே சமயம், பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. பிடிமானத்துக்காகத் தன் கையாலேயே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினார். அன்றிலிருந்து பாட்டில் ஒரு புது உயிர். பெல்ட்டை இரண்டு முறை மாற்றியும் அந்த டேப்பில் கைவைக்கவில்லை, நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்று.

சகலை தலையைச் சொறிந்தார். "புல்லி பெருத்துப்போயிருக்குமே. லிஃப்டுல இப்படிச் சுத்தினா, மூணாவது மாடியில நிக்க வேண்டியது மூணே சொச்சத்துல நிக்கும். இது நிமிஷத்துக்கு எத்தனை சுத்தணும்?"

முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்று தராசு சொன்னார், குழந்தைக்குச் சொல்வது போல. அப்படியானால் மூன்று நிமிடத்துக்கு நூறு என்றார் சகலை. வட்டை மறுபடி மாட்டி, விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார். தராசின் ஸ்டாப்வாட்சையே வாங்கி வீட்டுக்காரம்மா கையில் கொடுத்தார். பிறகு மூன்று நிமிடம் வட்டு சுற்றியது. சகலை காகிதம் தன்னைக் கடக்கும்போதெல்லாம் உதட்டை அசைத்து எண்ணினார். தராசு எதிரே நின்று, மனதுக்குள் அடுத்த மாதப் பத்திக்கு ஒரு கிண்டலைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"நூத்தி மூணு" என்றார் சகலை.

எண்ணியது தப்பு என்று தராசு சொன்னார். மறுபடி எண்ணினார்கள். நூற்று மூன்று. இந்தமுறை தராசே எண்ணினார், உரக்க. நூறு தாண்டியபோது வீட்டுக்காரம்மா ஸ்டாப்வாட்சிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நூற்றொன்று, நூற்றிரண்டு என்று குரல் இறங்கிக்கொண்டே போய், நூற்று மூன்றுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

கடையில் வில்லை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. வருடம் தவறாமல் ஆளை வரவழைத்து அதைச் சரிபார்ப்பார். கருவி கால் நம்பர் தப்பினால் ஊரே தடுமாறும் என்று வாடிக்கையாளர்களுக்கு வகுப்பு எடுப்பார். அந்த மனிதர்தான் பதினோரு வருடமாக முப்பத்து நான்கு இசைத்தட்டையும் வேகமாக ஓடவிட்டு, சுருதியை ஏற்றிவிட்டு, ஆகா என்ன துடிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தார். சிடிகள் பாவம், உள்ள வேகத்தில் ஓடித் தோற்றன.

சகலை டேப்பை நகத்தால் கிளறி உரித்தார். தராசு மொட்டைத்தலையை வைத்தார். வைத்த அரை நிமிடத்தில் முகம் செத்துவிட்டது. மெதுவாக இருந்தது. இறங்கி இருந்தது. "என்ன சகல, கொன்னுட்டீங்களே" என்றார். நடுப்பகுதி ஓடி முடிந்ததும், முன்பெல்லாம் இப்படித்தான் இருந்தது என்று வீட்டுக்காரம்மா சொன்னாள், ஸ்டாப்வாட்சை நீட்டிக்கொண்டே. ஒன்பது நிமிடம் இருபது வினாடி. உறையில் அச்சிட்டிருந்த அதே நேரம். உலகத்து நிறுவனங்கள் எல்லாம் ஒரு நொடியில் நிரபராதிகள் ஆகின.

தராசு நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கிடந்தது. அதில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் துடிப்பு, விறுவிறுப்பு, சுருதியின் பளபளப்பு என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஒரு சுற்று டேப்பைப் பற்றிய வர்ணனை. சகலை நல்ல மனிதர். விரல் நுனியில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "வேணும்னா திரும்ப ஒட்டிக் குடுத்துடறேண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?" என்று மெல்லச் சொன்னார். தராசு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கே மறைப்பதற்கில்லை. அவருடைய கண் புல்லிக்கும் அச்சுப் படிக்கும் இரண்டு முறை போய்வந்தது.

வீட்டுக்காரம்மா எழுந்து வந்து சகலை விரலிலிருந்து டேப்பை எடுத்தாள். அச்சுப் படியைப் புரட்டி, நூற்று நாற்பதாம் பக்கத்தில் மகள் பெயருக்கு நேரே அதை அழுத்தி ஒட்டினாள்.

"இத இப்படியே அனுப்புங்க" என்றாள். "இல்லன்னா அவளுக்குப் போன் பண்ணுங்க. நாலு வருஷமா ரெண்டு பேருக்கும் நடுவுல நான் போன் தூக்கிக்கிட்டு நிக்கறேன். எனக்குக் கை வலிக்குது."

தராசு உடனே போன் செய்துவிடவில்லை. அவருக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். நோட்டைத் திறந்து, தட்டுகளின் நேரத்தை எல்லாம் புது வேகத்துக்கு மாற்றி எழுதி, உயிர்க் கட்டத்தில் அங்கங்கே அடித்துத் திருத்தி, அரை மணி நேரம் கணக்குப் போட்டார். சகலை அதற்குள் இரண்டு டம்ளர் டீ குடித்துவிட்டார். பிறகு மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டார். தன்னுடையதிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாளா என்ற பயம்.

"அம்மா, சொல்லுங்க."

"அம்மா இல்ல. நான்."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. வைத்துவிடவில்லை. அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு தராசு தொடங்கினார். மோட்டார், புல்லி, டேப்பின் கனம், நூற்றுக்கு மூன்று பங்கு வேகம், சுருதி எவ்வளவு ஏறும் என்பது வரை ஒரு பத்தி அளவுக்குப் பேசினார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் எங்கும் வரவில்லை. முடிவாக, "ஆக, புதுக் கணக்குப்படி நீ ஆறாவது இடத்துல வர்ற" என்றார்.

வீட்டுக்காரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். சகலை டம்ளருக்குள் பார்த்தார்.

"அப்பா, சுருதி ஏறியிருக்குன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மகள். "கல்யாணமாகி மொத தடவை வீட்டுக்கு வந்தப்போ."

சொல்லியிருந்தாள். தராசுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதற்கு அவர் என்ன செய்தார் என்பதும். அவளுடைய பள்ளியில் பியானோக்களுக்குச் சுருதி இறங்கிக் கிடப்பதாகவும், அதனால் ஆசிரியர்களின் காது கெட்டுவருவதாகவும் பள்ளித் தலைமைக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார்.

"அந்த லெட்டர் இன்னும் ஸ்டாஃப் ரூம் போர்டுல இருக்கு" என்றாள் அவள். "புதுசா யாராச்சும் சேந்தா மொதல்ல அதத்தான் படிக்கச் சொல்வாங்க."

தராசு நோட்டை மூடித் தள்ளி வைத்தார்.

"தப்பு மெஷின்ல இல்ல பாப்பா" என்றார். "நீ சொன்னப்போ நான் காதுல வாங்கல. பெத்த பொண்ணுக்குப் பத்துக்கு மூணு போட்டு, அதத் தபால்ல வேற அனுப்பினேன். அத நெனச்சா எனக்கு வெக்கமா இருக்கு."

பிறகு அவள் பேசியபோது குரலில் வாடிக்கையாளரின் மரியாதை இல்லை.

"எனக்கு ஆறாவது எடம் வேணாம்பா. மெதுவா வாசிச்சேன்னு எழுதினீங்க இல்ல, அது நெசம்தான். வேணும்னேதான் வாசிச்சேன். நீங்க கடைய மூடிட்டு வந்ததும் மொட்டைத்தலையத்தான போடுவீங்க, தெனமும். நான் சாப்பாட்டு மேசையில வீட்டுப்பாடம் எழுதிட்டிருப்பேன். அந்தப் பாட்டுன்னா எனக்கு அந்த வேகம்தான். ரெக்கார்டிங் அன்னிக்கு அதைத்தான் மனசுல ஓட்டிக்கிட்டு வாசிச்சேன். எனக்கு மார்க்கு வேண்டியதில்ல. நீங்க கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

தராசு மூடி வைத்த நோட்டைப் பார்த்தார். திறக்க வேண்டிய அவசியம் இல்லை, எண்கள் மனப்பாடம். முதலிடத்தில் வைத்ததையும் கடைசி இடத்தில் வைத்ததையும் அவர் நாற்பது இடம் தள்ளி வைத்திருந்தார். இரண்டும் ஒரே வேகம். எந்தப் பதிவையும் நாலு வினாடியில் இன்னார் என்று சொல்லும் காது என்று சங்கத்தில் பேர். தன் வீட்டுச் சாயங்காலம் ஒன்பது நிமிடம் ஓடியும் அந்தக் காதுக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"டேப்பை எடுத்தாச்சு இல்ல?" என்றாள் மகள். "அந்தத் தட்டைப் போடுங்க. இங்கேர்ந்து கேக்கறேன்."

தட்டை வைத்தார். போனை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார். சகலை டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். இந்த ஒருமுறையாவது தராசு ஸ்டாப்வாட்சைத் தொடாமல் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். தொட்டார். ஒரு கையில் போன், மறு கையில் கடிகாரம். ஆனால் பாதியிலேயே அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார், நின்ற இடத்திலேயே நின்று மேசையின் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுப் படிகளுக்கு அடியில், மரத்தில் ஒரு சின்னக் கை பேனாவால் கிறுக்கியது இன்னும் போகாமல் இருந்தது.

நடுப்பகுதி முடிந்தது.

"எவ்வளவுப்பா?" என்றாள் மகள். அப்பாவைத் தெரிந்தவள்.

"ஒம்பது இருபது."

"என்னுது இருபத்தொண்ணு. ஒரு வினாடி இழுத்திருக்கேன்."

தராசு மொட்டைத்தலையின் அட்டையைக் கையில் எடுத்து, அந்தச் சிரிப்பை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல பாப்பா" என்றார். "இவன்தான் ஒரு வினாடி அவசரப்பட்டுட்டான்."